காரணம் போய்விட்டது, கடை இருக்கிறது

பாரிஸில் போய் இறங்கிய மறுநாள், மெட்ரோவில் ஏறும் அவசரத்தில் என் கோட்டின் நடுப் பட்டன் தெறித்து ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விழுந்தது. ஐந்து பட்டன் கோட்டு அது. மேல் பட்டன் போயிருந்தால் மஃப்ளரை இழுத்துவிட்டு மறைத்திருப்பேன். அடிப் பட்டன் என்றால் கவலையே பட்டிருக்க மாட்டேன். போனது நடுப் பட்டன். வயிற்றுக்கு நேராகக் கோட்டு வாயைப் பிளந்துகொண்டு ஜனவரிக் குளிரை உள்ளே விட்டது.

பத்து நாள் வேலை. காலையோடு முடிந்துவிடும், மத்தியானத்துக்கு மேல் பொழுது என்னுடையது. போவதற்கு முன்பே "பாரிஸில் தவறவிடக் கூடாத சின்னக் கடைகள்" என்ற வகையில் ஒரு பட்டியலைக் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்தேன். முதல் நாள் அதிலிருந்து நான்கு கடைகள் பார்த்தேன். நான்கிலும் வாசனை மெழுகுவத்தி, துணிப்பை, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய சோப்பு, மண்நிறக் கோப்பை. ஒரு கடையில் எடுத்த பொருளை அடுத்த கடையில் வைத்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. உரிமையாளர் வேறு வேறு, அது உண்மை. ஆனால் நான்கு பேரும் ஒரே கனவைக் கண்டு ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கியிருந்தார்கள்.

அதனால் பட்டியலை விட்டுவிட்டுப் பட்டனைத் தேட ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பட்டன் விழுந்ததுதான் நல்லதாகப் போயிற்று.

முதல் முயற்சி தோற்றது, அதுவும் என் தப்புதான். அன்று திங்கட்கிழமை. பாரிஸில் சின்னக் கடைக்காரர்களில் நிறையப் பேர் ஞாயிறோடு திங்களும் மூடிவிடுகிறார்கள், சனிக்கிழமை முழுக்க நின்று விற்றதற்கு ஈடாக. ஒரு தெரு முழுக்கக் கிறுக்கல் நிறைந்த இரும்பு ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் போனால் சாப்பாட்டு இடைவேளை, இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். "வருடாந்திர விடுமுறை" என்று கையால் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு மூன்று வாரம், நான்கு வாரம் ஊருக்குப் போய்விடுவார்கள். பெரிய கடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரே ஆள் நடத்தும் கடை என்றால் அந்த ஆளுக்கும் பசிக்கும், தூக்கம் வரும் என்பது ஷட்டருக்கு முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது தப்பு இன்னும் சின்னது, ஆனால் அதுதான் அதிகம் வலித்தது. ஒரு கடைக்குள் போய் நேராக அலமாரியைப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து "போன்ஜூர்" என்றார். வணக்கம் சொல்லும் தொனி அதில் இல்லை, வாத்தியார் வருகைப் பதிவில் பேர் கூப்பிடும் தொனி இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, தலையை ஆட்டினேன். அதன் பிறகு நான் கேட்ட எதற்கும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. அன்று இரவு விடுதி வரவேற்பில் இருந்த பையன்தான் விளக்கினான்: அங்கே கடை என்பது அவர்கள் வீட்டு முன்னறை மாதிரி. உள்ளே போனதும் "போன்ஜூர் மதாம்" அல்லது "போன்ஜூர் மெஸ்யூ" சொல்ல வேண்டும், வெளியே வரும்போது ஒன்றும் வாங்காவிட்டாலும் "மெர்சி, ஒ ருவ்வார்" சொல்ல வேண்டும். சும்மா பார்ப்பதாக இருந்தால் அதையும் சொல்லிவிடலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மறுநாள் முதல் சொன்னேன். நகரமே வேறு நகரமாகிவிட்டது என்று எழுதினால் மிகை. ஆனால் கடைக்காரர்கள் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

இன்றும் சில பழைய கடைகளின் கதவில் "அந்த்ரே லீப்ர்" என்று எழுதியிருக்கிறது. தடையில்லாமல் உள்ளே வரலாம் என்று பொருள். கடை என்றால் எவனும் வரலாமே, இதை எதற்கு எழுதி வைக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு காலத்தில் உள்ளே நுழைந்தாலே ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும், விலையும் பேரத்தில்தான் தெரியும். அந்த வழக்கத்தை உடைத்தது பெரிய கடைகள்தான். 1852-ல் அரிஸ்தீது பூசிக்கோ என்பவர் பொன் மார்ஷே கடையில் பங்காளியாகச் சேர்ந்து, நிலையான விலை, எழுதி ஒட்டிய விலைச்சீட்டு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடுகளை அங்கே நிலைநிறுத்தினார். சின்னக் கடைகளைப் பற்றி உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறோம். நான் ஒரு கடைக்குள் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வர முடிகிறதென்றால் அதில் பாதி புண்ணியம், சின்னக் கடைகளை விழுங்கிய அந்தப் பெரிய கடைக்குத்தான்.

அப்புறம் கடை பார்த்துக்கொண்டு நடப்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது. நேராகத் தமிழில் சொன்னால் "கண்ணாடியை நக்குதல்". எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

சரி, பட்டன். எங்கே கிடைக்கும் என்று தெரியாத நிலையில், எது எங்கே கிடைக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். நகரத்தின் நடுவில் லே ஆல் பகுதி. கொக்கிலியேர் தெருவில் தெயிலெரேன் என்று ஒரு பாத்திரக் கடை, 1820-ல் தொடங்கியது. மரத்தரை கிறீச்சிடுகிறது. உத்தரத்திலிருந்து தொங்குகிற செம்புச் சட்டிகள், ஆள் உயர அலமாரிகளில் கரண்டியும் சல்லடையும் கத்தியும். அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை, சாமான் கிடங்குக்குள் நம்மை விட்டது போல இருக்கிறது. செம்புச் சட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. உள்ளே வெள்ளீயம் பூசிய சட்டியை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, 232 டிகிரியில் ஈயம் உருகி ஓடிவிடும். தேய்ந்தால் மறுபடி ஈயம் பூச வேண்டும். இதெல்லாம் வீட்டுக்காரருக்கு எதற்கு? அவருக்காக வைத்த கடையே இல்லை அது, சமையல்காரர்களுக்காக வைத்த கடை. நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆல் தெருவில் ஒரூஸ் என்ற கடை. 1872 முதல் எலி, கரப்பான், அந்துப்பூச்சி ஒழிக்கும் சாமான்கள் விற்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எலிகளைப் பாடம் செய்து, பொறியில் கழுத்து மாட்டிய நிலையில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1925 வாக்கில் பிடித்தவையாம். தோல் சுருங்கி, வால் கயிறாகி, நூறு வயது எலிகள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு தாய் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள், அது விரல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தது.

செம்புச் சட்டிக் கடையும் எலிக் கடையும் ஏன் பக்கத்துப் பக்கத்தில்? பதில் அந்த இடத்தின் பெயரிலேயே இருக்கிறது. லே ஆல் என்றால் சந்தைக் கூடங்கள். பல நூற்றாண்டுகளாகப் பாரிஸின் மொத்த உணவுச் சந்தை அங்கேதான் இருந்தது. இறைச்சி, மீன், காய், வெண்ணெய் எல்லாம் விடியுமுன்னே வந்து இறங்கும். வாங்க வரும் சமையல்காரர் போகிற வழியில் சட்டி வாங்குவார். சிந்திய தானியத்துக்கும் கொழுப்புக்கும் எலி வரும், எலிக்கு ஒரூஸ் வரும். 1969-ல் சந்தையை மொத்தமாகப் பெயர்த்து நகருக்குத் தெற்கே ருன்ஜிஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரும்பும் கண்ணாடியுமாக இருந்த கூடங்களை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் நிலத்துக்கடியில் ரயில் நிலையமும் வணிக வளாகமும். சந்தை போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சட்டிக் கடை இருக்கிறது. எலிக் கடையும் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்கே ஒரே மாதிரி கடைகள் மூன்று கண்ணில் பட்டாலும், பக்கத்தில் எது இருந்தது என்று தேடுவேன். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

சேன் நதிக் கரையில், லூவர் அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்பக்கம், 1887-ல் குஸ்தாவ் செனலியே தொடங்கிய வண்ணக் கடை. காரணம் அடுத்த தெருவிலேயே இருக்கிறது, நுண்கலைப் பள்ளி. இது இன்னும் போகாத காரணம். எண்ணெய்ப் பாஸ்டல் என்று நாம் பள்ளியில் தேய்த்த குச்சி இருக்கிறதே, அதில் ஓவியர்களுக்கான தரத்தில் ஒன்று 1949-ல் இந்தக் கடையில் உருவானது. துணி, மரம், கண்ணாடி எதில் வேண்டுமானாலும் தீட்டுகிற மாதிரி ஒரு குச்சி வேண்டும் என்று பிக்காசோவுக்காகக் கேட்டவர் ஆன்ரி கோட்ஸ் என்ற ஓவியர். மரப்படிகள் ஏறினால் மாடியில் காகிதம், நூற்றுக்கணக்கான இழுப்பறைகளில். ஒரு மாணவி தாள் ஒன்றை விளிம்பில் பிடித்து லேசாக உதறி, அதன் ஓசையைக் கேட்டுவிட்டு வைத்தாள். கனத்தை அப்படித்தான் பார்ப்பார்கள் போல.

ரோம் தெருவில் வயலின் செய்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் வரிசையாக இருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் முதுகு திறந்த செல்லோ, மேசை மேல் மரச்சுருள். காரணம்? இசைக் கல்லூரி 1911 முதல் 1990 வரை அடுத்த மாத்ரித் தெருவில் இருந்தது. பிறகு நகரின் வடகிழக்கு மூலையில் லா வில்லெத்துக்குப் போய்விட்டது. பரதி தெருவில் பீங்கானும் படிகக் கண்ணாடியும். "பரதி" என்றால் சொர்க்கம், பாரதி தெரு என்று வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், நான் பட்டேன். கிழக்கு ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. லொரேன் பகுதியில் பக்கரா போன்ற ஊர்களில் செய்த கண்ணாடிப் பொருள் ரயிலில் வந்து இறங்கியது அங்கேதான். உடைகிற சாமானை இறங்கிய இடத்துக்கு அருகிலேயே விற்பதுதான் புத்தி. அங்கே இப்போது கடைகள் நிறையக் குறைந்துவிட்டன. காரணம் போனபின் எல்லாக் கடையும் தாக்குப்பிடிப்பதில்லை.

மழை வந்த நாட்களில் பசாஜ்களுக்குள் போய்விடுவேன். கண்ணாடிக் கூரை போட்ட நடைச் சந்துகள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதின் நடு வரை வரிசையாகக் கட்டினார்கள். அன்றைய பாரிஸ் தெருவில் நடைபாதை கிடையாது, சாக்கடை நடுவில் ஓடும், வண்டி வந்தால் சேறு தெறிக்கும். உடை நனையாமல் கடை பார்க்க ஒரு கூரை கிடைத்தால் காசுள்ளவர்கள் வராமல் இருப்பார்களா? பசாஜ் தே பனோரமா 1800 வாக்கில் வந்தது. வாசலில் இரண்டு வட்டக் கோபுரங்கள், உள்ளே சுற்றுச் சுவர் முழுக்க நகரங்களின் பிரம்மாண்ட ஓவியம், அதைப் பார்க்க வந்த கூட்டம் சந்துக்குள் நுழைந்து வாங்கிப் போகும் என்பது கணக்கு. பாரிஸில் எரிவாயு விளக்கை முதலில் ஏற்றிப் பார்த்த இடங்களிலும் இது ஒன்று. ஓவியக் கோபுரங்களை 1831-ல் இடித்தாகிவிட்டது. சந்தும் பெயரும் மிச்சம்.

அந்தச் சந்தில் இன்று சாப்பாட்டுக் கடைகள் அதிகம், நடுநடுவே தபால்தலை வியாபாரிகள். தெருவைக் கடந்தால் பசாஜ் ஜூஃப்ருவா, அதற்கும் அப்பால் பசாஜ் வெர்தோ. அங்கே பழைய புத்தகம், பழைய அஞ்சலட்டை, பழைய கேமரா. ஏன் எல்லாமே பழையது? இரண்டு தெரு தள்ளி த்ரூவோ ஏல மாளிகை இருக்கிறது, 1852 முதல். செத்துப்போன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான் காலையில் ஏலத்துக்கு வரும், சாயங்காலம் அதில் ஒரு பெட்டி அஞ்சலட்டை இந்தச் சந்துக்கு வந்துவிடும். நான் பார்த்த கடையில் அட்டைகளை ஊர் வாரியாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பெரியவர் நின்றபடியே ஒரு மணி நேரமாக ஒரே ஊரின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவருக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார், ஒன்றும் பேசவில்லை.

பசாஜ்களையும் காரணம் கைவிட்டது. 1853-க்குப் பிறகு ஓஸ்மான் என்ற அரசு அதிகாரி நகரத்தை வெட்டி அகலச் சாலைகளும் நடைபாதைகளும் போட்டபோது, கூரைச் சந்துக்கு இருந்த தேவையே போயிற்று. சில சந்துகள் சாலைக்கே பலியாயின. ஒப்பெரா பசாஜை 1925-ல் ஓஸ்மான் பேரிலேயே உள்ள சாலையை நீட்டுவதற்காக இடித்தார்கள். இப்போது இருபது அளவில்தான் மிச்சம். அவற்றிலும் கலரி விவியென் மாதிரி சில, மொசைக் தரையும் வளைவுகளுமாகப் பளபளவென்று புகைப்படத்துக்காகவே நிற்கின்றன. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, உள்ளே 1826 முதல் இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடையைத் தவிர. பசாஜ் து கேர்தான் பிடித்தது. 1798, இருப்பதிலேயே பழையது, நெப்போலியன் எகிப்துக்குப் போன மோகத்தில் கெய்ரோ என்று பெயர். அழகே கிடையாது, கூரைக் கண்ணாடி அழுக்கு. உள்ளே கடைகளுக்குச் சாமான் விற்கும் கடைகள்: தலையில்லாத பொம்மை, கை மட்டும், கால் மட்டும், விலைச்சீட்டு, துணி மாட்டும் கம்பி, "தள்ளுபடி" பலகை. ஊரெல்லாம் கடையாக இருக்க, அந்தக் கடைகளை உடுத்தும் கடைகள் இங்கே. சுற்றியுள்ள சாந்தியே பகுதிதான் நகரத்தின் பழைய துணித் தொழில் வட்டாரம்.

துணித் தொழில் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பட்டன் இங்கேதான் பக்கத்தில் எங்கோ இருக்க வேண்டும்.

அங்கே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் நானே என் கதையை நம்பாமல் நின்றேன். காரணம் போனபிறகும் கடை நிற்கிறது என்றால் அது எப்படி? பாசமா, பிடிவாதமா? விடுதிக்கு எதிரே ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. வாடகை அறிவிப்பைப் படித்துப் பார்த்தபோதுதான் அதன் பின்னால் சட்டம் இருப்பது தெரிந்தது. அங்கே கடை வாடகை ஒப்பந்தத்தை "மூன்று ஆறு ஒன்பது" என்கிறார்கள். ஒன்பது வருட ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகைக்காரர் விலகிக்கொள்ளலாம். கட்டட உரிமையாளருக்கு அவ்வளவு சுதந்திரம் கிடையாது. ஒன்பது முடிந்தபின் புதுப்பிக்க மறுத்தால் கடைக்காரர் இழக்கும் தொழிலுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், அது சின்னத் தொகையல்ல. 1953-ல் வந்த ஆணை இதற்கு அடிப்படை. இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் என்ன தொழில் என்று எழுதியிருக்கும். அதை மாற்றி வேறு தொழில் செய்ய வேண்டுமானால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அவர் அதற்குக் காசு கேட்பார். கடைக்காரர் ஓய்வு பெறும்போது தொழிலையும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே இன்னொருவருக்கு விற்கிறார். வாங்குகிறவர் பெரும்பாலும் அதே தொழிலைத் தொடர்கிறார். ஆக, நாம் "பாரம்பரியம்" என்று படம் எடுத்துப் போடுகிற பலகைக்குப் பின்னால் முத்திரைத்தாள் ஒன்று இருக்கிறது.

புத்தகக் கடைகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1981 ஆகஸ்டில் நிறைவேறிய லாங் சட்டப்படி புத்தக விலையைப் பதிப்பாளர் வைப்பார், கடைக்காரர் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. மூலைக்கடையிலும் சங்கிலிக் கடையிலும் ஒரே விலை. இணைய விற்பனை வந்ததும் தபால் செலவில்லை என்று சொல்லி இதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2014-ல் இலவசத் தபாலைத் தடை செய்தார்கள். அமேசான் ஒரு சென்ட் தபால் கட்டணம் வைத்தது. சட்டத்தின் மூக்கை அதைவிட அழகாக யாரும் கிள்ள முடியாது. 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ தபால் கட்டணம் என்று ஆக்கினார்கள். நகராட்சியும் சும்மா இல்லை. 2004 முதல் தன் சார்பில் ஒரு நிறுவனத்தை வைத்து, கடைகள் அழியும் தெருக்களில் தரைத்தள இடங்களை வாங்கி, புத்தகக் கடை, கைவினைஞர் மாதிரி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறது.

இவ்வளவும் இருந்தும் சேன் மிஷேல் சதுக்கத்தில் மஞ்சள் கூரைத்துணியோடு தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பழைய பாடப்புத்தகம் வாங்கிய ழிபேர் ழென் கடைகள் 2021-ல் மூடின. சட்டம் விலையைக் காப்பாற்றும், இழப்பீடு வாங்கித் தரும். வாங்க ஆள் வராவிட்டால் அது என்ன செய்யும்? தள்ளிவிட்டுப் போக ஒன்பது வருடம் அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

இடையில் ஒரு சாயங்காலம் லா ஷப்பெல் பக்கம் போனேன், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால். ஃபோபூர் சாந்தெனி தெருவின் மேல்பகுதியில் பலகையெல்லாம் தமிழில். 1980-களிலிருந்து இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் உண்டாக்கிய தெரு. நகைக்கடை, சேலைக்கடை, மரவள்ளியும் முருங்கையும் குவித்த மளிகை. இங்கே நான் காரணம் தேடவில்லை. உள்ளே போய் "போன்ஜூர் மதாம்" என்றேன், பழக்கம். கல்லாவில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "தமிழ்தானே தம்பி, சொல்லுங்கோ" என்றார்.

பட்டனுக்கு அவரும் சாந்தியே பக்கம்தான் கை காட்டினார்.

எட்டாம் நாள் போனேன். இரண்டாம் வட்டாரத்தில் ஒரு குறுகலான கடை. ஊசி, நூல், நாடா, ஜிப், பட்டன் விற்கிற கடையை அங்கே மெர்சரி என்கிறார்கள். தரையிலிருந்து உத்தரம் வரை அட்டைப்பெட்டிகள், சோப்புப் பெட்டி அளவு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றை நூலால் தைத்து வைத்திருந்தார்கள். எழுத்து எதுவும் படிக்கத் தேவையில்லை. சுவர் முழுக்க ஆயிரம் கண் நம்மைப் பார்க்கும்.

"போன்ஜூர் மதாம்."

"போன்ஜூர் மெஸ்யூ." அறுபது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா. என் கோட்டை ஒரு பார்வை பார்த்தார், வயிற்றில் இருந்த ஓட்டையில் நிறுத்தினார். எனக்கு வந்த பிரெஞ்சும் அவருக்கு வந்த ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு மொழி ஆகாது, ஆனால் அங்கே மொழிக்கு வேலை குறைவு. கோட்டைக் கழற்றச் சொன்னார். மேல் பட்டனை விரலால் தடவினார், புரட்டிப் பின்பக்கம் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சிப்பியில் செய்த பட்டன் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது என்பதற்காக. சிப்பிப் பட்டனுக்குப் பாரிஸுக்கு வடக்கே மேரு என்ற ஊர் ஒரு காலத்தில் பேர்போனது, அங்கே அதற்கு அருங்காட்சியகமே இருக்கிறது. என்னுடையது சிப்பி இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து எனக்கும் காட்டினார். பழுப்பு நிறத்துக்குள் மயிரிழை மாதிரி வட்டம் வட்டமாக ரேகைகள்.

"கொரோசோ" என்றார். தென் அமெரிக்காவில், முக்கியமாக எக்வடோரில் வளரும் ஒரு பனைவகையின் கொட்டை. காய்ந்தால் தந்தம் மாதிரி இறுகிவிடும். அதைச் சீவி, கடைந்து, சாயம் போட்டுப் பட்டனாக்குகிறார்கள். ஆறு வருடமாக நான் ஒரு கொட்டையைப் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன், தெரியாது.

பித்தளைத் தகட்டில் வட்ட ஓட்டைகள் போட்ட ஓர் அளவுகோலில் பட்டனை வைத்தார். 23 மில்லிமீட்டர். பழைய பெட்டிகளில் "36" என்றும் போட்டிருந்தது. பட்டன் வியாபாரத்தின் பழைய கணக்கு அது, 40 கோடு ஓர் அங்குலம். ஏணியை நகர்த்தி ஏறி மூன்று பெட்டிகள் எடுத்து வந்தார். அதே கொட்டை, அதே அளவு, அதே நாலு துளை. மூன்றையும் கோட்டின் மேல் வைத்தார். ஒன்றும் சேரவில்லை. ஒன்று சிவப்படித்தது, ஒன்று புதுசாகத் தெரிந்தது, ஒன்று கறுப்பு. என் பட்டன்கள் ஆறு வருட வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. வெயில் படாத பெட்டியில் அதற்கு ஜோடி எப்படி இருக்கும்?

ஐந்தையும் மாற்றிவிடலாம் என்று நான் கைவிரல் ஐந்தையும் காட்டினேன். அவருக்கு அதில் லாபம்தான். தலையை ஆட்டி மறுத்தார். கத்தரியை எடுத்து, என்னைக் கேட்காமல், கோட்டின் அடிப் பட்டனை வெட்டி எடுத்து நடுவில் வைத்துக் காட்டினார். இம்மியும் பிசகாத பொருத்தம், அதே வெயில், அதே ஆறு வருடம். புதுசை அடியில் தைத்தால் போதும். "அடிப் பட்டனை யாரும் பூட்டுவதில்லை" என்று கையால் நடந்து காட்டினார்: நடக்கும்போது காலைத் தட்டும், திறந்துதான் விடுவார்கள்.

எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் ஜிப் வாங்கக் காத்திருந்தார். அவரும் எட்டிப் பார்த்து, மூன்று பட்டனில் கறுப்பு வேண்டாம், சிவப்படித்ததுதான் சரி என்று அபிப்பிராயம் சொன்னார். இருவரும் அதைப் பற்றிச் சிறிது நேரம் வாதாடினார்கள். என் கோட்டு, எனக்கு ஓட்டு இல்லை. சிவப்படித்தது ஜெயித்தது.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, விழுந்த பட்டன் ஏன் விழுந்தது என்பதையும் கடைக்காரம்மா காட்டினார். கோட்டுத் துணி தடிமன். பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்தால் பூட்டும்போதெல்லாம் நூல் இழுபடும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்தார். தைத்து முடித்ததும் குச்சியை உருவினார், பட்டன் காலில் நிற்பது போலத் தளர்ந்து நின்றது. அந்தக் காலைச் சுற்றி நூலை ஆறேழு சுற்று இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டினார். அடிப் பட்டனுக்கு ஊசியையும் தீக்குச்சியையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஜிப் அம்மாளைக் கவனிக்கப் போனார். நான் தைத்ததைத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, நூலை மட்டும் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.

1 யூரோ 80 சென்ட். தையலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கையால் ரசீது எழுதி, ஒன்றுமே இல்லாத சின்னக் காகிதப் பையை நீட்டினார். பட்டன்தான் கோட்டிலேயே இருக்கிறதே என்றேன். பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே அந்தத் தீக்குச்சி.

வெளியே இருட்டிவிட்டது, ஐந்தரை மணிதான். கோட்டைப் போட்டுக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினேன். கடைசிப் பட்டனை யாரும் பூட்டுவதில்லையாம். அதையும் பூட்டிக்கொண்டு, முழங்காலில் தட்டத் தட்ட மெட்ரோ வரைக்கும் நடந்தேன்.